எழுபத்தொன்றாம் நம்பர் சீட்டு

எட்டு கிலோ அரிசி, இரண்டு செங்கல், ஒரு பழைய போர்வை. சுப்பராயன் மூன்றையும் சக்கரம் வைத்த நீலப் பைக்குள் அடுக்கி ஜிப்பை இழுத்து மூடினார். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பார்த்தார். பதினாறு கிலோ சொச்சம்.

"கரெக்டா கீது," என்றார்.

மேரி சமையலறை வாசலில் உட்கார்ந்து மொச்சைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். "யோவ், செங்கல்லு இன்னாத்துக்கு? ஆந்திராவுல ஊடு கட்டப் போறியா?"

"லோடு டிரையல் மே. அன்னைக்கி இன்னா வெயிட்டு இருக்குமோ அதே வெயிட்டோட ஒரு தபா ஏறி எறங்கிப் பாத்துடணும்."

"துணிய வெச்சிப் பாத்தா ஆவாதா?"

"துணி கசங்கிப்பூடும்."

"செங்கல்லு கசங்காது," என்று மேரி ஒப்புக்கொண்டாள்.

சுப்பராயன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றில் முப்பத்தொரு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். புது மிஷின் வந்தால் முதலில் சும்மா ஓட்டிப் பார்ப்பார்கள், அது நோ-லோடு டிரையல். அப்புறம் சரக்கு ஏற்றி ஓட்டுவது லோடு டிரையல். இரண்டும் முடிந்து கையெழுத்துப் போட்ட பிறகுதான் மிஷின் வேலைக்கு வரும். அறுபத்து மூன்று வயதில், முதன்முறையாக மனைவியை அழைத்துக்கொண்டு வெளியூர் போகத் திட்டமிட்டபோது, அவருக்கு வேறு முறை தெரியவில்லை. போன வாரம் வெறுங்கையோடு இருவரும் கவரைப்பேட்டை ஸ்டேஷன் வரை நடந்தார்கள். அவர் தனியாக நடந்தால் பன்னிரண்டு நிமிஷம். மேரியின் முழங்காலோடு பதினெட்டு.

அதை அட்டையில் எழுதி வைத்திருந்தார். மிக்ஸி வந்த பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி, பீரோவின் பக்கவாட்டில் தொங்கவிட்டிருந்தார். அக்டோபர் இரண்டாம் வாரம். சென்ட்ரலிலிருந்து விசாகப்பட்டினம், காலை வண்டி, பதிமூன்று மணி நேரம். அங்கே இரண்டு நாள். பிறகு மலை ரயிலில் அரக்குப் பள்ளத்தாக்கு. லாட்ஜில் கீழ்த்தள அறை, படி கூடாது. முட்டிக்குப் போடும் பட்டை, பிரஷர் மாத்திரை, சர்க்கரை இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். கடைசியாக உள்ளது மேரி சொல்லச் சொல்ல அவர் எழுதியது.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த அட்டையின் முன் உட்காருவதுதான் ஆகஸ்ட் மாதம் முழுக்க அவர்களுடைய பொழுதுபோக்கு. அரக்கில் குளிருமா, ஸ்வெட்டர் யாரிடம் வாங்குவது, புளிச்சாதம் இரண்டு வேளை தாங்குமா, மூன்றாவது வேளைக்கு ரயில் சாப்பாடு வாங்கலாமா. எறா தொக்கு எடுத்துப் போகலாமே என்று ஒருமுறை சுப்பராயன் சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். மேரி பத்தொன்பது வருஷம் எறா கம்பெனியில் இறால் தோலுரித்தவள். வேலையை விட்ட நாளிலிருந்து அவள் வீட்டில் எறா வாசனை வரக் கூடாது.

இந்தப் பயணமே ஊர் ரயில்வே கேட்டில் தொடங்கியது. மேரியை ஏற்றிக்கொள்ள எறா கம்பெனியின் வேன் காலை ஏழரைக்கு அந்தக் கேட்டில்தான் நிற்கும். கேட் மூடியிருந்தால் பத்து நிமிஷம், சில நாள் இருபது. வடக்கே போகும் பெரிய வண்டிகள் அங்கே வேகத்தைக் குறைக்காமல் ஓடும். கவரைப்பேட்டையில் அவை நிற்பதில்லை. நைட் ஷிப்ட் முடித்து சைக்கிளில் வரும் சுப்பராயனும் கேட்டின் அந்தப் பக்கம் நின்றிருப்பார். கேட் திறந்ததும் நடுவில் சந்தித்து, மேரி வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுப்பாள். "சோறு மூடி வெச்சிக்கீறேன். ஹெலன் ஸ்கூலுக்குப் பூட்டா." அவ்வளவுதான். அவர் இந்து, அவள் சர்ச்சுக்குப் போகிறவள். இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் சண்டை போட்டுக் கட்டிக்கொண்ட கல்யாணம். அதன் பிறகு பாதி நாள் அவர்கள் பார்த்துக்கொண்டது தண்டவாளத்தின் மேல்தான்.

ஒருநாள் வண்டி சிக்னலுக்காகக் கேட்டருகே மெதுவாக ஊர்ந்தபோது, ஜன்னலோரம் ஒரு பெண் கமலா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்ததை மேரி பார்த்தாள். தோலை ஒவ்வொன்றாகப் பிய்த்து மடியில் போட்டுக்கொண்டு, அவசரமே இல்லாமல். "அவளும் உரிக்கறா, நானும் உரிக்கறேன்," என்று அன்றைக்குச் சாயங்காலம் சுப்பராயனிடம் சொன்னாள். "எனக்கு எங்கியும் போவ வாணாம்யா. அந்த வண்டியில குந்திக்கினு நம்ம கேட்ட ஒரு தபா தாண்டணும்." சொல்லி இருபது வருஷம் ஆகியிருக்கும். சுப்பராயன் மறக்கவில்லை.

மேரி அவரிடம் சொல்லாதது ஒன்று மட்டும் இருந்தது. இரண்டு வருஷமாக அவளால் சிறுநீரை அடக்க முடியவில்லை. இருமினால் கசிந்தது. பாத்திரம் கழுவத் தண்ணீரைத் திறந்தாலே ஓட வேண்டியிருந்தது. பழைய காட்டன் புடவையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வாள். அவர் கடைக்குப் போகும் நேரம் பார்த்துத் துவைத்து, பின்பக்கக் கொடியில் பாவாடைக்கு அடியில் உலர்த்துவாள். வெளியே போகிற நாளில் முந்தின இரவிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டாள். டிக்கெட் உறுதியான அன்று சுப்பராயன் இரண்டு லோயர் பெர்த் கிடைத்துவிட்டதென்று தெருவுக்கே சொன்னார். மேரி கேட்டது ஒன்றுதான்.

"பதிமூணு மணி நேரமா?"

"பதிமூணே. நீ பாட்டுக்குப் படுத்துக்கினு வரலாம்."

அட்டையில் பெர்த் எண்கள் இருந்தன: முப்பத்து மூன்று, முப்பத்தாறு. பெட்டியின் நட்டநடு. இடிபாடு இல்லை, கதவுக் காற்று இல்லை, கக்கூஸ் நாற்றம் இல்லை. சுப்பராயன் அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தார்.

*

லோடு டிரையல் ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை நடந்தது. காற்றே இல்லாத புழுக்கம். ஒன்பது மணி லோக்கலில் கவரைப்பேட்டையில் ஏறி சென்ட்ரல் போய், அங்கே வடக்கு வண்டி நிற்கும் பிளாட்பாரம் வரை நடந்து, திரும்பி வருவது என்று ஏற்பாடு. லோக்கல் வண்டியில் கக்கூஸ் கிடையாது. மேரி முந்தின இரவு எட்டு மணிக்குக் குடித்ததுதான் கடைசித் தண்ணீர்.

பொன்னேரியில் சுப்பராயன் பாட்டிலை நீட்டினார். "வாணாம்." மீஞ்சூரில் நீட்டினார். "வாணான்றேன்ல." வண்டி எண்ணூர் தாண்டும்போது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தபடியே வந்தாள். சுப்பராயன் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சின்ன நோட்டில் நேரம் குறித்தார். படி ஏற ஒரு நிமிஷம். பை தூக்க உதவி தேவையில்லை. எல்லாம் சரியாக இருந்தது.

"இளநி குடிக்கிறியா?" என்று சென்ட்ரல் வாசலில் கேட்டார்.

"யோவ், பேஜாரு பண்ணாத. நட."

பெரிய பிளாட்பாரத்தில் பாதி தூரம் போனதும் மேரி நின்றாள். தூணைப் பிடித்தாள். "எனக்கு ஒரு மாதிரி கீது," என்றாள். உட்கார இடம் தேடி அவர் திரும்புவதற்குள் சரிந்துவிட்டாள். நீலப் பையின் மேல்தான் விழுந்தாள். அரிசி இருந்த பக்கம். இல்லையென்றால் தலையில் அடிபட்டிருக்கும்.

யாரோ தண்ணீர் தெளித்தார்கள். சக்கர நாற்காலி வந்தது. ஆட்டோவில் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பெண் டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார்.

"கடைசியா எப்பம்மா தண்ணி குடிச்சீங்க?"

"நேத்து ராத்திரி."

"ஏன்?"

மேரி சுப்பராயனைப் பார்த்தாள். "நீ கொஞ்சம் வெளிய இரு."

அவர் தாழ்வாரத்தில் பையோடு நின்றார். காவலாளி ஒருவர் வந்து, சந்தேகமாகப் பையைத் தட்டிப் பார்த்தார். "சார், உள்ள இன்னா?"

"அரிசி. செங்கல்லு."

"செங்கல்லா? தொற பாப்பம்."

திறந்து காட்டினார். காவலாளி பையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "உக்காருங்க பெரியவரே," என்று பெஞ்சைக் காட்டினார். குரல் மாறியிருந்தது. வீட்டில் ஏதோ பெரிய துக்கம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

இரண்டு பாட்டில் டிரிப்ஸ் ஏறியது. சிறுநீரில் கிருமி, உடம்பில் தண்ணீர் இல்லை என்று டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதினார். மற்றதையெல்லாம் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன், ஆறு வாரம் ஒழுங்காகச் செய்யச் சொல்லுங்கள் என்றார். மற்றது என்னவென்று சுப்பராயனுக்குத் தெரியவில்லை.

வாடகைக் காரில் திரும்பும்போது காரனோடை பாலத்தில் மேரி சொன்னாள்:

"டிக்கெட்ட கேன்சல் பண்ணிடு."

*

மகள் ஹெலன் திருநின்றவூரில் இருக்கிறாள். அவள் கணவன் விமலுக்குச் சென்னையில் வேலை. அன்றிரவே போனில் அப்பாவைப் பிடித்துக்கொண்டாள்.

"நைனா, டிரையலா? அம்மா இன்னா மிஷினா?"

"இல்லம்மா, முட்டி எப்டி கீதுன்னு..."

"செங்கல்ல தூக்கினு போயிருக்க. விமல் கேட்டுட்டு நம்பவே இல்ல. இந்த வயசுல உங்களுக்கு அரக்கு இன்னாத்துக்கு? எங்க ஊட்டுக்கு வாங்க, ஏசி கீது, படுத்துனு இருங்க."

சுப்பராயன் போனை வைத்துவிட்டு அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதைச் சோதிக்காமல் விட்டோம் என்று யோசித்தார். முட்டி, படி, எடை, நேரம், பசி. எல்லாவற்றுக்கும் ஒரு வரி இருந்தது.

மறுநாள் காலை சின்னப்பொண்ணு பார்லி கஞ்சியோடு வந்தாள். இரண்டு வீடு தள்ளி இருப்பவள். எறா கம்பெனியில் மேரிக்கு அடுத்த இடத்தில் நின்று வேலை செய்தவள். மேரி தூங்கிக்கொண்டிருந்தாள். சின்னப்பொண்ணு கஞ்சியை மூடி வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த சுப்பராயனிடம் வந்தாள்.

"அண்ணா, அக்காவ ஒண்ணியும் கேக்காதீங்க. எல்லாம் அந்த வில்லையால வந்தது."

"இன்னா வில்ல?"

"தெரியாதா உங்களுக்கு?" சின்னப்பொண்ணு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "ஒரு லைனுக்கு இருவது பேரு நாங்க. சூப்ரவைசர் மேசையாண்ட ஒரு ஆணியில மஞ்ச பிளாஸ்டிக் வில்ல தொங்கும். பாத்ரூம் போறவ அத்த எடுத்துக் கழுத்துல மாட்டிக்கினு போவணும். அவ வந்து மாட்டினாதான் அடுத்தவ போவலாம். நாளெல்லாம் ஐஸ் தண்ணியில கை, ஈரத்துல காலு. வராம இருக்குமா? நீ போய் எடுத்தா பத்தொம்போது பேரும் உன்னையே பாப்பாளுங்க. அதுல ரெண்டு பேரு முழுவாம இருப்பாளுங்க. அக்கா எடுக்கவே மாட்டாங்க. அவங்க மொறைய யாருக்காச்சும் விட்டுடுவாங்க. தண்ணியே குடிக்காம வந்துடுவாங்க. நாங்கலாம் சொல்லுவோம், மேரிக்கா வயித்துல தொட்டி கட்டி வெச்சிக்கீறாங்கன்னு. சிரிப்போம்."

அவள் இப்போது சிரிக்கவில்லை.

"ரெண்டு வருஷமா துணி வெச்சிக்கினு கீறாங்கண்ணா. என்னாண்ட மட்டுந்தான் சொன்னாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

சொல்லாமல் இருக்க சுப்பராயனால் முடியவில்லை. மத்தியானம் கஞ்சியை ஆற்றிக் கொடுத்தபடியே கேட்டார்.

"ரெண்டு வருஷமா?"

மேரிக்கு உடனே புரிந்தது. "அவ வாயில ஆணி அடிக்க," என்றாள்.

"ஏன் மே எங்கிட்ட சொல்லல?"

"எத்த சொல்றது? மூத்தரம் நிக்கலன்னு சொல்றதா?"

"நீ கம்பெனிக்குப் போன காலத்துல சொல்லியிருக்கலாம்ல. வில்ல, கில்லன்னு. நான் ஒருத்தன் ஊட்ல இருந்தேனே."

"நீ எப்பய்யா இருந்த?" மேரி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். கோபம் இல்லை, கணக்குக் கேட்பதுபோல் இருந்தது. "நான் வரும்போது நீ போவ. நீ வரும்போது நான் போவேன். கேட்டாண்ட ரெண்டு நிமிஷம். சாவிய குடுக்கறதா, இத்த சொல்றதா?"

சுப்பராயன் தரையைப் பார்த்தார். பிறகு மேரியே பேசினாள்.

"அப்ப அடக்கனேன். இப்ப அது எனக்கு அடங்க மாட்டேங்குது. பதிமூணு மணி நேரம், நாலு பேரு நடுவுல, புடவ நனைஞ்சா நான் எங்க போயி மூஞ்ச வெச்சிக்குவேன்? கேன்சல் பண்ணிடுய்யா. கேட்டு எங்க போவப் போவுது. இங்கியே இருந்து பாத்துக்கறேன்."

"கேன்சல் பண்றதுக்கு டைம் கீது," என்றார் அவர். "போறதுக்கு நாலு நாள் முன்ன வரைக்கும் பாப்பம். அன்னைக்கி நீ வாணாம்னா வாணாம். நான் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். நீதான் கையெழுத்து."

"நான் கைநாட்டு."

"பொய் சொல்லாத, பேங்குல இங்கிலீஷுல போடற."

மேரி உதட்டை அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் கஞ்சிக் கிண்ணத்தை நகர்த்தினார். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கை பின்னால் வந்து கிண்ணத்தைத் தேடியது.

*

அட்டையில் புதிதாக ஒரு வரிசை சேர்ந்தது. சுப்பராயன் தலைப்பில் "பாத்ரூம்" என்று எழுதியதைப் பார்த்து மேரி சத்தம் போட்டாள். "ஊரே வந்து படிக்கட்டும்! கேபிள்காரன் வந்தா தெரியணும், கேஸ்காரன் வந்தா தெரியணும்!" அவர் அதை அடித்துவிட்டு ஒரு சின்ன வட்டம் போட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அதற்குப் பெயர் வட்டம்.

டாக்டர் சொன்ன "மற்றது" இதுதான்: வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு மணிக்கொரு முறை போக வேண்டும். நாளைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். காலையும் மாலையும் படுத்துக்கொண்டு செய்ய ஒரு பயிற்சி. சுப்பராயன் போனில் மணி வைத்தார். முதல் வாரம் மணி அடித்தபோதெல்லாம் மேரி திட்டினாள். இரண்டாவது வாரம் மணிக்கு முன்பே எழுந்தாள்.

கும்மிடிப்பூண்டி மெடிக்கலில் பெரியவர்கள் வைத்துக்கொள்ளும் பேடு வாங்கப் போனார். கடைப்பெண் "எந்த சைஸ் சார்?" என்று கேட்டபோது விழித்தார். முப்பத்தொரு வருஷம் ஸ்பேனர் சைஸை வாய்ப்பாடாகச் சொன்னவர். கடைசியில் இரண்டு கையையும் அகட்டிக் காட்டினார். அவள் சிரிக்காமல் எடுத்துக் கொடுத்தாள். நல்ல பெண்.

அவரே தனியாகப் போய் வழியைப் பார்த்து வந்தார். கவரைப்பேட்டை ஸ்டேஷனில் கழிப்பறை பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடம் என்று விசாரித்து, காலை ஐந்து மணிக்கு யார் இருப்பார் என்பதையும் கேட்டு வைத்துக்கொண்டார். சென்ட்ரலில் இரண்டு இடம். அட்டையில் வட்டங்கள் கூடின.

செப்டம்பர் நடுவில் இருவரும் மெமு வண்டியில் சூலூர்ப்பேட்டை வரை போனார்கள். அதில் கக்கூஸ் உண்டு. பை இல்லை, செங்கல் இல்லை. பாட்டில் மட்டும். போகும்போது அரை லிட்டர், வரும்போது அரை லிட்டர். ஆரம்பாக்கத்தில் மேரி எழுந்து போனாள், வந்தாள், உட்கார்ந்தாள். சூலூர்ப்பேட்டையில் இட்லி சாப்பிட்டார்கள். அங்கே கடைக்காரரோடு தெலுங்கில் பேரம் பேசிக் கொய்யாப்பழம் வாங்கினாள். சுப்பராயன் நோட்டை எடுக்கப் போனார். "எழுதன, கைய ஒடச்சிடுவேன்," என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் கும்மிடிப்பூண்டி மார்க்கெட்டில் மீன் வாங்கும்போது தும்மல் வந்தது. மூன்று தும்மல். அவசரத்தில் பேடு வைக்க மறந்திருந்தாள். ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்து, குளித்து, கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு நாள் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. சுப்பராயன் சமைத்தார். ரசத்தில் உப்பு இல்லை. அட்டையைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் செருகினார்.

நாலு நாள் என்று சொன்ன அந்த நாள் வந்தது. காலையில் அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். கேன்சல் பண்ணுகிற பக்கத்தைத் தேடி எடுத்தார். கேட்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்ததால் கேட்கவில்லை.

பின்பக்கம் டமால் என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தார். மேரி நீலப் பையைத் திறந்து செங்கலை வெளியே போட்டிருந்தாள்.

"ஒன்றர மாசமா அப்டியே கெடக்குது. அரிசியில வண்டு வெச்சிக்கீது பாரு," என்றாள். "அந்த அரிசிய சலிச்சி வெய்யி. ஹெலன் ஸ்வெட்டரு அனுப்பிக்கீறா, விமல் நேத்து லோக்கல்ல வந்து குடுத்துட்டுப் போனாரு. அத்த எங்க வெக்கிறது, உன் தலையிலயா?"

சுப்பராயன் போனைச் சட்டைப்பையில் போட்டார். சலித்த அரிசியில் வண்டு பொறுக்கிக்கொண்டே ரொம்ப நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

*

சென்னைக்குப் போய், ஏறி, மறுபடி வீட்டு வழியாகவே வருவதைச் சின்னப்பொண்ணு நம்ப முடியாமல் சிரித்தாள். "அஞ்சு மணிக்குப் போயி எட்டு மணிக்கு இங்கியேதான வருவீங்க? நான் கேட்டாண்ட நிக்கறேன். மேரிக்கா, ஜன்னலாண்ட குந்துங்க. துணி ஆட்டறேன்."

"செவப்புத் துணி மட்டும் ஆட்டாதடி," என்றாள் மேரி. "வண்டி நின்னுரப் போவுது."

சென்ட்ரலில் பெட்டி நிறைந்திருந்தது. முப்பத்து மூன்றும் முப்பத்தாறும் நடுவில், ஜன்னலோரம், எல்லோரும் ஆசைப்படுகிற இடம். சுப்பராயன் பையை வைத்துவிட்டு, நடைவழியில் அடிமேல் அடி வைத்து எண்ணிப் பார்த்தார். இங்கிருந்து கக்கூஸ் முப்பத்தெட்டு அடி. நடுவில் பதினேழு பேரின் கால்கள். நேராகப் பெட்டியின் கடைசிக்குப் போனார். கதவுக்குப் பக்கத்தில், எழுபத்தொன்றாம் நம்பர் பக்கவாட்டு லோயரில் நெல்லூர்க்காரர் ஒருவர் மூக்கில் கைக்குட்டையோடு உட்கார்ந்திருந்தார். எதிர் வரிசை ஜன்னலில் அவர் மனைவி. சுப்பராயன் தெலுங்கில் கேட்டார்.

"எங்க நடு சீட்ட நீங்க எடுத்துக்கறீங்களா? ரெண்டும் லோயரு."

நெல்லூர்க்காரர் கைக்குட்டையை எடுத்தார். இவர் முகத்தை ஒருமுறை, டிக்கெட்டை ஒருமுறை பார்த்தார். "அங்க ஃபேன் ஓடலையா?"

"நல்லா ஓடுது."

"மூட்டப்பூச்சியா?"

"ஒண்ணும் இல்லைங்க. இந்த சீட்டுதான் வேணும்."

"முப்பது வருஷமா ரயில்ல போறேன்," என்றார் நெல்லூர்க்காரர் தன் மனைவியிடம். "கக்கூஸாண்ட சீட்டு வேணும்னு கேட்டு வர்ற மனுசன இப்பதான் பாக்கறேன்." இவர் மனம் மாறிவிடுமோ என்று பயந்ததுபோல் உடனே பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

மேரி எழுபத்தொன்றில் உட்கார்ந்தாள். கதவு அங்கே, கையெட்டும் தூரத்தில். சுற்றிப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பாட்டிலைத் திறந்து கால்வாசி குடித்தாள்.

வண்டி புறப்பட்டது. இவர்கள் காலையில் கடந்துபோன ஸ்டேஷன்கள் திரும்பி வந்தன. லோக்கல் நின்று நின்று வந்த இடங்களில் இந்த வண்டி நிற்கவில்லை. அத்திப்பட்டு அனல்மின் புகைபோக்கிகள் போயின. மேரி மடியில் துண்டை விரித்து, கமலா ஆரஞ்சு உரித்தாள். தோலை ஒவ்வொன்றாகத் துண்டில் போட்டாள். மீஞ்சூர் வரை ஒரு பழம். பொன்னேரியில் இன்னும் கால் பாட்டில் தண்ணீர்.

"இன்னும் மூணு நிமிஷம்," என்றார் சுப்பராயன். கடிகாரத்தை ஜன்னல் கம்பியின் மேல் சாய்த்துப் பிடித்திருந்தார். "வலது பக்கம்தான் நிக்கறேன்னா சின்னப்பொண்ணு. மொதல்ல தண்ணி டேங்கு வரும், அப்பால கேட்டு. நீ இந்த ஓரத்துக்கு வந்துடு."

மேரி ஆரஞ்சுத் தோலை மடித்தாள். எழுந்தாள்.

"எங்க?"

"வட்டம்."

"இப்பவா? ரெண்டு நிமிஷம் பொறுத்தா..."

சொல்லி முடிப்பதற்கு முன்பே அவர் நிறுத்திக்கொண்டார். கால்களை மடக்கி வழி விட்டார். கதவு திறந்து மூடியது. தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

தண்ணி டேங்க் வந்தது. கேட்டின் வெள்ளைச் சிவப்புக் கம்பம், அதன் பின்னால் பைக்குகள், ஒரு கம்பெனி வேன், அதன் ஜன்னல்களில் முகங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் சின்னப்பொண்ணு, பச்சைத் துண்டை இரண்டு கையாலும் தலைக்கு மேல் வீசிக்கொண்டு. சுப்பராயன் கம்பிக்கு வெளியே கையை நீட்டி ஆட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் எல்லாம் பின்னால் போய்விட்டது.

மேரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"வந்துச்சா?"

"பூட்சி மே." அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "இருவது வருஷமா ஆசப்பட்டது... ஒரு நிமிஷத்துல..."

"நான் பாக்காத கேட்டாய்யா அது? பத்தொம்போது வருஷம் தெனம் பாத்தாச்சி." உட்கார்ந்து துண்டை மடியில் விரித்தாள். "வர்றப்ப அதே வழியாதான வரணும். நவுரு, காலு வெக்கணும்."

போன் அடித்தது. சின்னப்பொண்ணு. மேரி ஸ்பீக்கரில் போட்டதுபோல் எப்போதும் சத்தமாகத்தான் பேசுவாள்.

"இன்னாக்கா, அண்ணா மட்டும் கைய ஆட்டிக்கினு போறாரு! நீங்க எங்க? ஏறலையா?"

"ஏறிட்டேன்டி. பாத்ரூம்ல இருந்தேன்."

எதிர் சீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். மேரி குரலைத் தணிக்கவில்லை.

அந்தப் பக்கம் சின்னப்பொண்ணு சிரிக்கத் தொடங்கினாள். "அடிப்பாவிக்கா! கரெக்டா கேட்டு வர்றப்பதானா? வில்லைய யாரு குடுத்தா?"

"யாரு குடுக்கறது? வந்துச்சி, போனேன்."

போனை மடியில் வைத்துவிட்டு மேரி கையை நீட்டினாள். சுப்பராயன் பாட்டிலைக் கொடுத்தார். வண்டி கும்மிடிப்பூண்டியையும் நிற்காமல் தாண்டிக்கொண்டிருந்தது. அவள் அண்ணாந்து, மீதி இருந்ததையும் குடித்து முடித்தாள்.

"காலி," என்றாள். "அடுத்து நிக்கற ஊர்ல ஒண்ணு வாங்கு."